அடைப்பு குழாய்க்குள் தொடங்குவதில்லை, சுவருக்குள் தொடங்குகிறது

மாரடைப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாசி பிடித்த தண்ணீர்க் குழாய்தான். கொழுப்பு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து ஒருநாள் முழுசாக அடைத்துக்கொள்ளும், அதற்கு முன்னால் எப்படியும் நமக்குத் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆளை ஏமாற்றும் நம்பிக்கை இது.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயான தமனியின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. புகை, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் எல்லாம் அதைக் கெடுக்கின்றன. முக்கியமாகக் கிளை பிரியும் இடங்களில், ரத்தம் சீராக ஓடாமல் சுழிப்பதால், கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். துகள்கள் அந்தப் படலத்தைத் தாண்டிச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. உடனே வெள்ளையணுக்கள் சுத்தம் செய்ய வருகின்றன. வந்தவை அளவில்லாமல் விழுங்குகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் உடம்பெல்லாம் கொழுப்புத் துளியாக, நுரை மாதிரி தெரியும். நுரைச் செல் என்றே பெயர். அவை அங்கேயே செத்துக் கூழாகின்றன. இந்த நோயின் பெயரான அதிரோஸ்கிளிரோசிஸில் உள்ள 'அதிரோ'வுக்குக் கிரேக்கத்தில் கூழ் என்றுதான் பொருள், மீதிக்குக் கடினம். அப்புறம் அந்தக் கூழின் மேல் நார்த்திசு மூடிபோல வளர்கிறது, போகப்போகச் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து சுவர் விறைத்துப்போகிறது.

இதெல்லாம் வயதானவர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தைச் சோதித்த ஆய்வு 1953-இல் வந்தது. அவர்களின் சராசரி வயது 22தான், ஆனால் 77 சதவீதம் பேருக்கு இதயத் தமனியில் நோயின் அறிகுறி இருந்தது.

சரி, ஏன் தெரிவதில்லை? சுவரின் வீக்கம் முதலில் வெளிப்பக்கமாகத்தான் தள்ளுகிறது, ரத்தம் போகிற வழி ரொம்ப நாளைக்குக் குறைவதே இல்லை. நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் சோதனைகூடச் சரியாக வந்துவிடலாம். ஆனால் மூடி மெலிந்திருந்தால் ஒருநாள் கிழியும், உள்ளே இருக்கும் கூழ் ரத்தத்தில் பட்டதும் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். நேற்றுவரை நன்றாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் என்றால் பக்கவாதம். காலில் வேறு மாதிரி: கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் சரியாகிவிடும். இதை மூட்டுவலி, வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து தள்ளாதீர்கள், காலில் இருந்தால் இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடைத்த தமனிக்குள் வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் ஒரு இடத்தைத் திறந்துவிடும், ஆனால் நோய் உடம்பெங்கும் ஓடும் தமனிகளின் சுவர்களில் இருக்கிறது. 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த ஸ்டாட்டின் வகை மருந்து எல்.டி.எல்.-ஐக் குறைப்பதோடு அந்த மூடியையும் கெட்டிப்படுத்துகிறது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கிவிட்டது என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.