போதைப்பொருள் வழக்கில் பையன் மாட்டினால் முதலில் பார்க்க வேண்டியது எடை

கோபி, தாராபுரம், காங்கேயம் பக்கம் இருந்து பிள்ளைகளைக் கோவைக்குப் படிக்க அனுப்புகிறார்கள். திடீரென்று ஒருநாள் ஸ்டேஷனில் இருந்து போன் வருகிறது. உடனே பெற்றோர் தேடுவது கட்சிக்காரரை, இல்லாவிட்டால் போலீஸில் பழக்கம் உள்ள ஆளை. "எவ்வளவு செலவானாலும் செரிங்க, கேஸ் இல்லாம பண்ணிக் குடுங்க" என்று கெஞ்சுவதிலேயே அந்த நாள் போய்விடும். மகஜரும் (என்ன பொருளை, எங்கே, எப்படி எடுத்தார்கள் என்ற போலீஸ் குறிப்பு) வாக்குமூலமும் ரிமாண்ட் காகிதமும் எழுதப்படுவது அன்றைக்குத்தான்.

வக்கீலான என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எஃப்.ஐ.ஆரில் என்ன பொருள், எவ்வளவு எடை என்று போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் தண்டனையும் ஜாமீனும் அதை வைத்தே அமைகின்றன. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. 1 ஆண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை இடைப்பட்ட அளவு; அதற்கு 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு.

கஞ்சாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மாத்திரையும் பவுடரும் சின்ன விஷயமாகத் தெரிகிறது. அங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. எம்டிஎம்ஏ என்ற செயற்கைப் போதைப்பொருள் அரை கிராம் வரைதான் சிறிய அளவு. 10 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. சட்டைப் பைக்குள் அடங்கும் பொட்டலம், 20 கிலோ கஞ்சாவுக்குச் சமமான வழக்காகிவிடும். அதில் மாவோ வேறு பொருளோ கலந்திருந்தால் அந்த எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வணிக அளவு என்றால் பிரிவு 37 குறுக்கே வரும். அவன் குற்றவாளி அல்ல, வெளியே போய் மறுபடி குற்றம் செய்யமாட்டான் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் நீதிபதி ஜாமீன் தர முடியும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போலீசுக்கு 180 நாள் அவகாசம். இடைப்பட்ட அளவுக்கு 60 நாள்தான். கெடு தாண்டியும் தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிறது; ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனுப் போட்டுவிட வேண்டும். இந்தத் தேதியை வக்கீல் குறித்து வைத்திருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, தற்காப்பு எங்கே இருக்கிறது? சோதனை நடந்த விதத்தில். ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 50. பேன்ட் பாக்கெட்டில் எடுத்ததாகச் சொன்னால் இது பொருந்தும். தோளில் தொங்கிய பையில், பைக்கில் எடுத்ததாகச் சொன்னால் பொருந்தாது. ஆகவே மகஜரில் எந்த இடம் எழுதியிருக்கிறது என்பதை வரிவரியாகப் படிக்கிறோம். 2024 ஜூலை முதல் சோதனையை வீடியோ எடுப்பதும் கட்டாயம். பிடிபட்ட பொருளில் இருந்து பரிசோதனைக்கான மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 52ஏ. அதில் தவறியது மட்டுமே விடுதலை வாங்கித் தராது. மற்ற முரண்பாடுகளோடு சேரும்போது கனம் பெறும். அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்பது 2020-இன் தூஃபான் சிங் தீர்ப்பு.

சரவணம்பட்டி, பீளமேடு பக்கத்து வாடகை அறைகளில் நாலு பேர் சேர்ந்து தங்குவார்கள். ஒருத்தன் கட்டிலுக்கடியில் எடுத்தால் நாலு பேரையும் பிடிப்பது உண்டு. தெரிந்தே வைத்திருந்தானா என்பதுதான் கேள்வி. பொருள் அவன் வசம் இருந்தது என்று அரசு நிரூபித்துவிட்டால், தெரியாது என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஜிபே கணக்கும் வாட்ஸ்அப்பும் அங்கே பேசும். பயந்துபோய் எதையும் அழிக்காதீர்கள். அது தனிக் குற்றமாகும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்ப் பையன்களின் நிலைமைதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருகிறது. தமிழ் படிக்கத் தெரியாமலே தமிழ் மகஜரில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். தராததை ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்களும் மேஸ்திரிகளும் ஒரு போன் போட்டால் போதும்: 15100, இலவச சட்ட உதவி.

பழக்கத்துக்கு அடிமையான பிள்ளைக்கு பிரிவு 64ஏ என்று ஒரு வழி இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்த வழக்கோ, உட்கொண்ட வழக்கோ இருக்கும்போது, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாகச் சிகிச்சைக்குச் சேர்ந்தால் வழக்கில் இருந்து விலக்கு கேட்கலாம். பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கை ரத்து செய்ய முடியும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று இந்த மனுவையே வேண்டாம் என்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் மறுபடி மறுபடி பேசுகிறேன்.