போனில் அஞ்சு கோடு வந்தும் குரல் வெட்டுகிறதா? பூஸ்டரைக் கழற்றுங்கள்

இந்த மாதம் இது மூன்றாவது வீடு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடி, அங்கே நாலைந்து குடும்பங்கள் போனில் பேசும்போது குரல் வெட்டி வெட்டிப் போகிறது என்று முறையிட்டிருந்தார்கள். திசை அன்டெனாவும், எந்த அலை எவ்வளவு பலம் என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைந்து, கடைசியில் ஏழாம் மாடிப் பல்கனி ஒன்றில் போய் நின்றோம். துணி காயும் கம்பியில் கட்டிய ஒரு அன்டெனா, ஆறடி தள்ளி ஹோல் சுவரில் இன்னொன்று, நடுவில் புறக்கோட்டையில் வாங்கிய பூஸ்டர், அதாவது போன் அலையைப் பெருக்கும் பெட்டி. பிளக்கைக் கழற்றியதும் திரையில் தூக்கி நின்ற இரைச்சல் அப்படியே கீழே இறங்கியது.

"தம்பி, இது போட்ட பிறகுதானே எனக்கு அஞ்சு கோடும் வருது" என்றார் அந்த அங்கிள்.

இந்தக் கோட்டைப் பற்றி எத்தனை வீட்டில்தான் சொல்வது! கோடு உயர்ந்தால் வரும் அலை பலமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆடிவேல் தேர் காலி வீதியால் போகும்போது லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், சத்தத்துக்குக் குறைவில்லை, பக்கத்தில் நிற்பவர் சொல்வது ஒரு சொல் விளங்காது. பூஸ்டர் நல்லதை மட்டும் பொறுக்கிப் பெருக்குவதில்லை. இரைச்சலையும் பக்கத்து டவர்களையும் சேர்த்தே பெருக்கி, தன் இரைச்சலையும் அதில் கலக்கிறது.

டவரிலிருந்து வரும் அலை சுவரிலும் கடலிலும் பட்டுத் தெறித்து பல வழியாக வந்து சேரும். 1800 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 சென்ரிமீற்றர், போனை நாலு விரல் நகர்த்தினாலே அது வந்து சேரும் விதம் மாறிவிடும். அதனால்தான் டவர் தரவுக்கு நடுவே, போனுக்கு முன்பே தெரிந்த பைலட் குறிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வர வேண்டியது இது, வந்தது இது, அப்படியானால் வழியில் இவ்வளவு திரிந்திருக்கிறது என்று போன் கணக்குப் போட்டு, அந்தத் திரிபை நேராக்கிய பிறகுதான் தரவைப் படிக்கும். நாங்கள் சேனல் எஸ்டிமேஷன் என்பது இதைத்தான். பைலட்டில் இரைச்சல் ஏறினால் கணக்கு பிழையாகும், அதை நம்பிப் படிக்கிற எல்லாமே பிழையாகும், கோடு அஞ்சு இருந்தாலும்.

டவர் பக்கமும் இதே கதை, உங்கள் போன் அனுப்பும் பைலட்டை வைத்துத்தான் அது உங்களைக் கேட்கிறது. பூஸ்டரின் இரண்டு அன்டெனாவும் கிட்டக் கிட்ட இருந்தால், ஒன்று விடுவதை மற்றது பிடித்து, பூஸ்டர் ஊளையிடத் தொடங்கி அந்த இரைச்சல் முழுவதையும் டவரின் காதில் கொட்டும். தூரத்திலிருந்து மெல்லிய அலையில் பேசும் போன்தான் முதலில் அடிபடும். அது யாரோ ஒருவர் அம்புலன்சுக்கு 1990 அடிக்கிற போனாகவும் இருக்கலாம், அதை நினைத்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? கடைக்காரர் லைசென்ஸ் தேவையில்லை என்றால் நம்பாதீர்கள், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட கருவிக்கு அனுமதி வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள படலம் ஒட்டியிருந்தால் அதுவே அலையை மறிக்கும், ஜன்னலைத் திறந்து ஒருமுறை பேசிப் பாருங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை அழைப்பு உண்டா என்று உங்கள் சிம் நிறுவனத்திடம் கேளுங்கள். முறையிடும்போது "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொல்லாமல் எந்த அறை, எத்தனை மணி, குரல் வெட்டுகிறதா இன்டர்நெட் மட்டும் இழுக்கிறதா என்று சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

அங்கிள் கடைசியில் பூஸ்டரைத் தானே கழற்றி வைத்தார். உங்கள் பல்கனியிலும் ஒன்று இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.