ஒரு பிரதி விற்றதும் ரேங்க் ஏன் இப்படித் தாவுகிறது?

அமேசான் விற்பனை ரேங்கில் ராத்திரி ஆறு லட்சத்தில் கிடந்த புத்தகம் காலையில் எண்பதாயிரத்தில் வந்து நிற்கும். பிய்த்துக்கொண்டு போகிறது போல என்று கணக்கைத் திறந்து பார்த்தால் விற்றது ஒரே ஒரு பிரதி. நாலைந்து நாளில் பழையபடி லட்சங்களில். அமேசானில் விற்பவர்களுக்கு, அதிலும் கிண்டிலில் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு, இது பழகிப்போன கூத்து.

ரேங்க் என்பது அதே பிரிவில் இருக்கும் மற்ற பொருட்களோடு ஒப்பிட்ட வரிசை எண், அவ்வளவுதான்; எண் சிறிதாக இருந்தால் விற்பனை அதிகம். முழு சூத்திரத்தை அமேசான் சொல்வதில்லை. சமீபத்திய விற்பனை, பழைய விற்பனை இரண்டும் சேரும், அடிக்கடி மாறும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

சரி, நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு விற்பனைக்கும் 1 மதிப்பெண், அது தினமும் பாதியாகத் தேயும் (பாதி என்பது என் கற்பனை). இன்று ஒன்று விற்றால் 1, நாளை 0.5, பத்து நாள் கழித்து ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வரிசையின் அடியில் கிடக்கும் லட்சக்கணக்கான புத்தகங்கள் இப்படித் தேய்ந்துபோய் ஒன்றையொன்று ஒட்டியே நிற்பதால், ஒரு பிரதி போனதும் அத்தனையையும் ஒரே தாண்டில் கடந்துவிடலாம், அப்புறம் வேறு யாருக்கு ஒன்று விற்றாலும் அவர் நம்மைத் தாண்டிவிடுவார். தினமும் நூறு விற்கிற புத்தகத்துக்கோ கூடுதலாக ஒன்று போனாலும் ரேங்க் அசையாது.

2003-இல் ஷெவாலியே, கூல்ஸ்பீ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமேசான் ரேங்கை வைத்தே புத்தக விற்பனையை மதிப்பிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பரேட்டோ பரவல்படி (சில புத்தகங்கள் ஏராளமாக விற்கும், மிகப் பல கொஞ்சமே விற்கும் என்ற கணக்கு), 10-லிருந்து 20-க்குப் போவதும் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குப் போவதும் விற்பனையில் ஏறக்குறைய ஒரே விகிதச் சரிவு. லட்சங்களில் விற்பனையே சொற்பம் என்பதால் அங்கே வரும் ஆட்டத்தைப் பார்த்துப் பதறுவது வீண்.

அமேசான் விலையையும் ரேங்கையும் பதிவுசெய்து காட்டும் கீப்பா மாதிரி கருவியில் ரேங்க் வரைபடத்தைப் பாருங்கள், ரம்பப் பல் போல இருக்கும். கோடு செங்குத்தாக விழும் இடத்தில் யாரோ வாங்கியிருக்கிறார். மெதுவாக ஏறும் இடமெல்லாம் மற்றவர்கள் விற்றது. மெதுவாக விற்கும் பொருளுக்கு மாதத்தில் எத்தனை பல் என்று எண்ணினால் போதும். வேகமாக விற்பதற்குப் பற்கள் கலந்துவிடும், அங்கே வாரச் சராசரிதான் சரி. தீபாவளி நேரத்தில் உங்கள் விற்பனை குறையாமலே ரேங்க் மோசமாகலாம், மற்றவர்களுக்கு அதிகம் விற்றிருக்கும். அதைப் பார்த்து விலையைக் குறைத்துவிடாதீர்கள், முதலில் ஆர்டர் எண்ணிக்கையைப் பாருங்கள்.