படத்தைப் பார்த்து நோய் சொல்லலாமா?

மனநல மருத்துவர் என்று தெரிந்துவிட்டால் போதும், கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். மகன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்த தலையில்லாத உருவம், மகள் சுவரில் தீட்டிய பெரிய பெரிய கண்கள், முழுக்கக் கறுப்பில் ஒரு வீடு. கூடவே ஒரு வரிக் கேள்வி: “இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, டாக்டர்?” கேட்பவர் பயந்துபோய்க் கேட்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படத்தை எக்ஸ்ரே போல வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் நோய் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் மட்டுமல்ல, ஆசிரியர்களிடமும் என் துறையினர் சிலரிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. அந்த நம்பிக்கையோடு வருகிறவர்களிடம் நான் பேச எடுத்துக்கொள்ளும் ஆள், செக் நாட்டு சர்ரியலிச ஓவியர் தோயென். கனவிலும் ஆழ்மனத்திலும் எழும் காட்சிகளைக் கலையாக்குவது சர்ரியலிசம்.

அவர் 1937-இல் வரைந்த ‘தூங்குபவள்’ என்ற ஓவியத்தைப் பாருங்கள். வெறிச்சோடிய நிலம். நமக்கு முதுகு காட்டி ஒரு சிறுமி நிற்கிறாள், செம்பட்டை முடி, வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் வலை. உடுத்தியிருப்பது தரைவரை விறைத்து நிற்கும் வெள்ளை அங்கி. அந்த அங்கி பின்பக்கம் பிளந்திருக்கிறது. பிளவு வழியே பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. கால் இல்லை, உடம்பே இல்லை. அதே ஆண்டின் இன்னொரு ஓவியத்தில், அணிந்த பெண் காணாமல்போய் இறுக்குக் கச்சை மட்டும் தனியே நிற்கிறது. பெயரும் ஊரும் மறைத்து இவற்றைக் கொடுத்தால், ‘உடலுணர்வு சிதைந்திருக்கிறது’ என்று குறிப்பெழுதப் பல கைகள் துறுதுறுக்கும்.

வரைந்தவர் எப்படிப்பட்டவர்? 1902-இல் பிராகின் ஸ்மீஹோவ் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் மாரீ செர்மீனோவா. பதின்பருவத்திலேயே வீட்டை விட்டு வெளியேறினார். அலங்காரக் கலைப் பள்ளியில் படித்தார். 1922-இல் கோர்ச்சுலா தீவில் யிந்த்ரிஹ் ஷ்திர்ஸ்கி என்ற ஓவியரைச் சந்தித்தார். அந்தக் கலைக் கூட்டு ஷ்திர்ஸ்கி சாகும்வரை நீடித்தது. இருவரும் அடுத்த ஆண்டே தெவெத்சில் என்ற இளம் கலைஞர்கள் குழுவில் சேர்ந்தார்கள், சில ஆண்டுகள் பாரிஸில் வாழ்ந்தார்கள், 1934-இல் கவிஞர் நெஸ்வல் முதலானோரோடு சேர்ந்து பிராகில் சர்ரியலிஸ்ட் குழுவைத் தொடங்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்குத் தோயென் நூற்றுக்கணக்கான புத்தகங்களுக்கு அட்டையும் உள்படங்களும் வரைந்திருக்கிறார். தம்மைப் பற்றிப் பேசும்போது செக் மொழியின் ஆண்பால் வடிவங்களையே பயன்படுத்துவார். இதை வைத்து இன்று எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்குகிறார்கள். அவரோ தம் வாழ்க்கையைப் பற்றி வாய் திறக்காத மனிதர்.

1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. நவீன ஓவியர்களுக்குக் கண்காட்சி வைக்க வழியில்லாமல் போயிற்று. யூதக் குடும்பத்தில் பிறந்த இளம் கவிஞர் யிந்த்ரிஹ் ஹைஸ்லர், நாடு கடத்தும் ரயிலில் ஏறாமல் தலைமறைவானார். ஒளிந்துகொண்டது ஜிஷ்கோவ் பகுதியில் தோயெனின் சிறிய குடியிருப்பில். படுத்துறங்கியது குளியலறைத் தொட்டியில். 1942 மே மாதம் நாஜி அதிகாரி ஹைட்ரிஷ் தாக்கப்பட்ட பிறகு, பதிவு செய்யாத ஒருவரை வீட்டில் வைத்திருந்தாலே சுட்டுக்கொல்வார்கள் என்ற நிலை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஷ்திர்ஸ்கி இறந்திருந்தார். போர் முடியும்வரை தோயென் ஹைஸ்லரைக் காப்பாற்றினார். வெளியே போகும்போது என்ன சொல்வது, இரண்டு பேர் சாப்பாட்டை ஒரு பங்கீட்டு அட்டையில் எப்படி ஒப்பேற்றுவது, பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்குமா என்று நாள்தோறும் கணக்குப் போடாமல் இப்படி ஒருவரை ஆண்டுக்கணக்கில் ஒளித்து வைத்திருக்க முடியாது. இதற்கு வேண்டியது சிதறாத மனம்.

அந்த ஆண்டுகளில் அவர் வரைந்தவைதான் பார்ப்பவரை உறைய வைப்பவை. ‘துப்பாக்கி சுடும் கூடம்’ என்ற வரிசையில் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களும் செத்த பறவைகளும் முடிவில்லாத வெட்டவெளியில் கிடக்கின்றன. 1944-இல் வரைந்த ‘ஒளிந்துகொள், போரே!’ வரிசையில் எலும்புக்கூடுகள். 1943-இன் ஓர் ஓவியத்தில் ஒரு சிறுமி தலைகீழாகத் தொங்குகிறாள், தலை இருக்க வேண்டிய இடத்தைச் சுவர் விழுங்கிவிட்டது. அவருக்குத் துயரமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் குலைந்து கிடந்தது அவர் வாழ்ந்த நகரம். அவர் பார்த்ததை வரைந்தார். போருக்குப் பின் 1946-இல் ‘ஒளியின் தொன்மம்’ என்ற ஓவியத்தில் ஹைஸ்லரை நிழலாகவே வரைந்தார். அந்த நிழல் வேரோடு பிடுங்கிய செடியை ஏந்தி நிற்கிறது. கையுறை அணிந்த இரு கைகள் எதிரே நாய்த்தலை போல நிழல் காட்டுகின்றன. பின்னணி தெரியாதவருக்கு இது புதிர். தெரிந்தவருக்கு ஏறக்குறைய நாட்குறிப்பு.

ஓவியத்தை வைத்து நோய் சொல்லும் பழக்கத்துக்குக் கறைபடிந்த வரலாறும் உண்டு. ஹைடல்பெர்க் மனநலப் பிரிவில் பணியாற்றிய ஹன்ஸ் பிரின்ஸ்ஹார்ன், நோயாளிகள் வரைந்தவற்றைச் சேகரித்து 1922-இல் நூலாக வெளியிட்டார். அவற்றைக் கலையாக மதித்துப் பார்த்தவர் அவர். சர்ரியலிஸ்டுகள் அந்நூலைக் கொண்டாடினார்கள். அதே சேகரிப்பை நாஜிகள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். 1937-இல் மியூனிக்கில் தொடங்கிய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியின் கையேட்டில் மூன்று படங்களைப் போட்டு, இவற்றில் எது மனநோயாளி வரைந்தது என்று கேட்டார்கள். ஒன்றுதான் நோயாளியுடையது. மற்ற இரண்டும் ஆஸ்திரிய ஓவியர் ஓஸ்கர் கொகோஷ்காவுடையவை. அவர் அப்போது பிராகில்தான் அடைக்கலம் புகுந்திருந்தார். ஓவியரை அவமதிப்பதோடு இது நிற்கவில்லை. பிரின்ஸ்ஹார்ன் நூலில் இடம்பெற்ற நோயாளி ஃபிரான்ஸ் கார்ல் பியூலர் 1940-இல் ஜெர்மனியின் கிராஃபெனெக்கில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார். கலைநயமிக்க இரும்பு வேலைப்பாட்டுக்காக 1893-இன் சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றவர் அவர். நோயாளிகளைக் கொல்வதற்கென்றே மருத்துவர்கள் கையெழுத்திட்டு நடந்த அந்த நாஜித் திட்டத்தில் 1941 ஆகஸ்டுக்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அறிவியல் என்ன சொல்கிறது? ‘ஒரு மனிதனை வரை’ என்று சொல்லி, வரைந்ததை வைத்து மனத்தை மதிப்பிடும் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் 1967-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயிற்சியே இல்லாத கல்லூரி மாணவர்களிடம் படங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஏதோவொரு நோயறிகுறியைக் கண்ணைமூடிக்கொண்டு ஒட்டினாற்போல் எழுதி வைத்தார்கள். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் மாணவர்கள் தொடர்பைக் ‘கண்டுபிடித்தார்கள்’. வித்தியாசமான கண் வரைந்தவர் சந்தேகப் பேர்வழி என்றார்கள். பல ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் சொல்லிவந்ததும் அதேதான். அனுபவம் என்று நாம் நினைத்தது, பொதுவான முன்முடிவு.

ஒரு பள்ளியிலிருந்து ஒரு சிறுவனை என்னிடம் அனுப்பிவைத்தார்கள். அவன் வரையும் மனிதர் யாருக்கும் கை இல்லை. ‘வீட்டில் யாரோ அடிக்கிறார்கள்’ என்ற ஊகமும் கடிதத்தில் இருந்தது. தாளை அவன் பக்கம் திருப்பி வைத்து, “இதைப் பற்றிச் சொல்லேன், தம்பி” என்றேன். அப்பா, தாத்தா, பக்கத்து வீட்டு நாய் என்று வரிசையாகச் சொன்னான். “இவர்களுக்குக் கை எங்கே?” அவன் நெளிந்தான். “விரல் வரைந்தால் முள்கரண்டி மாதிரி வந்துவிடுகிறது, சார். அதனால் விட்டுவிட்டேன்.” தாளில் கை இருக்க வேண்டிய இடத்தில் அழிரப்பர் தேய்த்துப் பஞ்சாகிக் கிடந்தது. கடிதம் எழுதியவர் அதைப் பார்க்கவில்லை. அடி விழுகிறதா என்பதைத் தனியே, நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது கேட்க வேண்டிய கேள்விதான். அவன் வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

ஆகவே படம் பயமுறுத்தினால், முதலில் வரைந்தவரிடம் கேளுங்கள். ‘ஏன் இப்படிக் கோரமாக வரைந்தாய்?’ என்று கேட்டால் அடுத்த படம் உங்கள் கண்ணில் படாது. ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று கேட்டால் போதும். ஓவியத்தைவிட நான் கவனிப்பது வேறு: சில வாரங்களாகத் தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, பிடித்த விளையாட்டை விட்டுவிட்டானா, யாரோ ஒருவரைக் கண்டால் ஒதுங்குகிறானா, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறானா. இவை இருந்தால் அவன் பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்தாலும் அழைத்து வாருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ, தயங்காமல் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது என்பதை ஆய்வுகள் உறுதியாகக் காட்டியிருக்கின்றன. அந்த எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

படத்தை வகுப்புப் பெற்றோர் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். பின்பக்கம் தேதியையும், பிள்ளை சொன்ன விளக்கத்தை அவன் சொன்னபடியே இரண்டு வரியாகவும் எழுதி வையுங்கள். என்னிடம் வருவதானால் கைப்பேசியில் எடுத்த படம் வேண்டாம். அந்தத் தாளையும், வரைந்த பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.