பிஸ்டனுக்குப் பூச்சு: எங்கே, எத்தனை மைக்ரான்?

நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 100 முறை நின்று திரும்புகிறது. ஆயில் படலத்தைத் தாங்கி நிறுத்துவது வேகம்தான். வேகமே இல்லாத அந்தக் கணத்தில் படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தோடு உரசும். இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் கிளப்பும்போதும் இதே நிலைதான். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) செய்யும்போது பிஸ்டன் ஸ்கர்ட்டில் (ரிங்குகளுக்குக் கீழேயுள்ள பக்கச்சுவரில்) அடிக்கும் பூச்சு காப்பாற்றுவது இந்தக் கணங்களை மட்டுமே. ஆயில் சரியாக ஓடும் நேரத்தில் அதற்குப் பெரிய வேலை கிடையாது. தேய்ந்த போரை (சிலிண்டரின் உட்துளையை) அது சரிசெய்யவும் செய்யாது.

பூச்சில் இருப்பது பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்பைடும் கிராஃபைட்டும், அவற்றைப் பிடித்துவைக்கும் ரெசினும் (பிசினும்). மாலிப்டினம் அடுக்கு ஒன்றின் இருபுறமும் கந்தக அடுக்குகள் உண்டு. இப்படி அமைந்த மூவடுக்குகளுக்கு இடையே பிணைப்பு மிகப் பலவீனம். தள்ளினால் சீட்டுக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்.

பூச்சு உரிந்தால் பழி பூச்சின்மேல் விழும். தவறு பெரும்பாலும் சுத்தம் செய்ததில்தான் இருக்கும். பழைய பிஸ்டனின் நுண்துளைகளில் ஆயில் ஊறியிருக்கும். கழுவிய பிறகு ஓவனில் (சூட்டடுப்பில்) சூடாக்கினால் அது கசிந்து வெளியே வரும். கசிவு நிற்கும்வரை துடைத்து, மறுபடி சூடாக்க வேண்டும். பிறகு ரிங் பள்ளங்களையும், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் (pin) துளையையும் டேப்பால் மூடி, 120 மெஷ் அலுமினியம் ஆக்சைடு மணலைக் குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். கண்ணாடி மணி வேண்டாம். அது பரப்பைத் தட்டி மழுப்பிவிடும். பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது. ஆயில் துளையில் தங்கும் ஒரு மணல்துகள் பேரிங்கைக் கீறிவிடும். ஆகவே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, அசிட்டோனால் துடைத்து, அதன்பின் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

பிஸ்டனை வெதுவெதுப்பாக்கி மெல்லியதாக ஸ்பிரே செய்தால் 10 முதல் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படியும். வேகவைக்கும் சூடும் நேரமும் ரெசினைப் பொறுத்தவை. டப்பாவில் போட்டிருப்பதே சரி. நேரத்தை ஓவன் காற்று சூடானதிலிருந்து எண்ணக்கூடாது, பிஸ்டனே அந்தச் சூட்டை எட்டியதிலிருந்து எண்ண வேண்டும். ஆறிய பிறகு அசிட்டோன் துணியில் கறுப்பு ஒட்டினால் ரெசின் இன்னும் வேகவில்லை.

பலர் கோட்டைவிடுவது அளவில். ஒரு பக்கம் 15 மைக்ரான் என்றால் விட்டத்தில் 30. போருக்கும் ஸ்கர்ட்டுக்கும் 0.04 மி.மீ. கிளியரன்ஸ் (இடைவெளி) வைத்திருந்தால் மிச்சம் 10 மைக்ரான்தான். பூச்சு ஓடஓடத் தேய்ந்து படியும் என்பது உண்மை; ஆனால் தடித்த பூச்சு படிவதற்கு முன்பே பிஸ்டன் சூட்டில் விரிந்து பிடித்துக்கொள்ளலாம். பிஸ்டன் பின்னின் துளைக்குச் செங்குத்தாக, தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில், பூசுவதற்கு முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வையுங்கள். போரை அதற்குப் பிறகு ஹோன் செய்யலாம் (கல்லால் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவரலாம்). பூச்சோடு வரும் புது பிஸ்டனுக்குச் சொல்லப்பட்ட கிளியரன்ஸ் பூச்சைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

பேரிங் ஷெல்லில் (கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் அரைவட்டத் தகட்டில்) உள்பக்கம் மட்டும் பூசலாம். அங்கும் பூச்சின் தடிமனைப்போல் இரு மடங்கு கிளியரன்ஸ் குறையும். ஷெல்லின் முதுகைத் தொடவே கூடாது. அது ஹவுசிங்கோடு (ஷெல் உட்காரும் உலோகக் குழியோடு) நேரடியாக இறுக்கமாக ஒட்டினால்தான் சூடு வெளியேறும், ஷெல்லும் நகராது. சிலிண்டர் சுவரிலும் இந்தப் பூச்சு வேண்டாம்: ஹோனிங் கோடுகள் அடைபட்டால் ரிங் படியாது, ஆயில் எரியும். கனெக்டிங் ராட் போல்ட் மரையில் பட்டுவிட்டால், உராய்வு குறைந்து, அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

பிஸ்டன் தலையில் செராமிக் பூசுவது தினசரி ஓடும் காருக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. அலுமினியம், அந்தச் செராமிக்கில் இருக்கும் சிர்கோனியாவைவிடச் சூட்டில் ஏறக்குறைய இரு மடங்கு விரியும்; ஒட்டு சரியில்லாவிட்டால் செதில் பெயர்ந்து போரைக் கீறும்.

பூசிய இன்ஜினின் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். விரலில் நசுங்கும் கருந்தூள் இருந்தால் பூச்சு படிந்துகொண்டிருக்கிறது. தகடு தகடாகச் செதில் இருந்தால், ஆயில் ஸ்டிரெய்னர் அடைபடுவதற்குள் சம்பை (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை) கழற்றியாக வேண்டும்.