“அப்பா மாத்திரையே போடமாட்டாரே, டாக்டர்!”

நான் கிருமிகளைச் சோதிக்கும் லேப் டாக்டர். பெரும்பாலான மருந்துகளுக்கு மசியாத கிருமி என்று போன வாரமும் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். ஐசியுவில் இருக்கும், சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவரின் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை. வளர்ந்தது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட வரிசையாக எல்லாவற்றுக்கும் நேரே ‘ஆர்’, அதாவது ரெசிஸ்டன்ட், மருந்து கேட்காது. மிஞ்சியது கொலிஸ்டின், அதுவும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து.

தட்டில் வளர்ந்த கிருமியை லூப் என்ற சிறு வளையக் கருவியால் தொட்டுத் தூக்கினேன். அதிரசப் பாகு போலக் கம்பி நீண்டு வந்தது. அரை சென்டிமீட்டரைத் தாண்டினாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 1980களில் தைவானில் ஈரலில் சீழ் வைத்துக் கவனத்துக்கு வந்த கிளெப்சியெல்லாவின் முரட்டு ரகம் இப்படித்தான் நீளும். அப்போது பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்பட்டது. இப்போது முரட்டுத்தனமும் மருந்தெதிர்ப்பும் ஒரே கிருமியில் வருகின்றன.

மகன் கேட்டார்: “அப்பா தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டாரே, டாக்டர். அவர் உடம்புக்கு எப்படி மருந்து பழகிப்போச்சு?”

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. தயவுசெய்து காதுகொடுத்துக் கேளுங்கள். உடம்புக்கு எதுவும் பழகவில்லை. எதிர்ப்பு கிருமியிடம் இருக்கிறது. யாரோ ஒருவர் சளிக்கு செஃபிக்சைம் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடுகிறார். சளி வைரஸை அது தொடாது. அவர் குடலில் சாதுவான கிருமிகள் சாக, எதிர்க்கத் தெரிந்தவை பெருகும். எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றும், அது வேறு இனமானாலும் சரி. அப்புறம் கழுவாத கை, கட்டில் கம்பி, சிறுநீர் ட்யூப் வழியாக உங்கள் அப்பாவிடம் வந்து சேரும். மாத்திரை போட்டவர் ஒருவர், படுத்திருப்பவர் இன்னொருவர்.

செஃபிக்சைம் எச்1 என்ற அரசின் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. 2014 முதல் டாக்டர் சீட்டு பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். சீட்டில்லாமல் கேட்காதீர்கள்; கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய சீட்டும் வேண்டாம்.

ஜூனியர் டாக்டர்களே, ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் ஏற்றுவதற்கு முன்பே கல்ச்சர் எடுங்கள். ஏற்றிவிட்டு அனுப்பினால் நாங்கள் எதைத் தேடுவது? ட்யூப் இன்றும் தேவையா என்று தினமும் பாருங்கள்.

பார்க்க வருபவர்கள் கட்டிலில் உட்காராதீர்கள், சிறுநீர்ப் பையைத் தொடாதீர்கள். நோயாளியைத் தொடுமுன் ஒரு முறை, தொட்ட பின் ஒரு முறை கை கழுவுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் மனசு நம் ஜனங்களுக்கு உண்டு. கொடுங்கள், நடுவில் கையை மட்டும் கழுவிக்கொண்டு கொடுங்கள்.