கதிரியலா, கதிரியக்கமா?

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கும் 'ரேடியாலஜி' பிரிவுக்குத் தமிழில் 'கதிரியக்கத் துறை' என்று பலகை எழுதும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் பரவிக் கிடக்கிறது. இது தவறான சொல். நோயாளியை வீணாக அச்சுறுத்தும் தவறு என்பதால் இதைக் கண்டும் காணாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

லத்தீனில் 'ராடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால். நடுவிலிருந்து நாலாபுறமும் நீள்வதால் ஒளிக்கதிருக்கும் அதுவே பெயரானது. கணக்குப் பாடத்தில் 'ரேடியஸ்' என்பதை நாம் ஆரம் என்று படித்ததும் இந்தப் பொருளில்தான். கதிரைப் பற்றிய இயல் கதிரியல். அவ்வளவுதான் ரேடியாலஜி.

'இயக்கம்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இயற்பியலாளர் ராண்ட்ஜன் புதிய கதிர் ஒன்றைக் கண்டார். இன்னதென்று தெரியாததால் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே பெக்கரல், யுரேனிய உப்பு தானாகவே கதிரை உமிழ்வதைக் கண்டுபிடித்தார். அந்தப் பண்புக்கு 1898இல் கியூரி இணையர் சூட்டிய 'ரேடியோ ஆக்டிவிட்டி' என்ற பெயரைத்தான் நம் பாடநூல்கள் கதிரியக்கம் என்று தமிழாக்கின. அணுக்கரு தானே சிதைந்து கதிர் வீசுவது அது. சுவிட்சைத் தட்டி அதை நிறுத்த முடியாது.

எக்ஸ்ரே குழாயின் கதை வேறு. மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் தகட்டில் மோதிக் கதிர் பிறக்கிறது. மின்சாரம் நின்றால் கதிரும் இல்லை. அறையிலும் தங்காது, உடம்பிலும் தங்காது.

அந்தப் பலகை தரும் வீண் அச்சத்தை வேலூரில் ஒரு மருத்துவமனையில் கண்ணால் பார்த்தேன். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். "மூச்சை இழுத்துப் பிடியுங்கள் அம்மா... விடுங்கள்" என்ற குரல் கேட்டது, முடிந்துவிட்டது. வெளியே வந்தவர் கை நீட்டிய பேத்தியைத் தூக்கவில்லை. "கதிரியக்கம் என்று போட்டிருக்கிறதே, குழந்தையைத் தொடலாமா தம்பி?" என்று ஊழியரிடம் கேட்டார். "தாராளமாகத் தூக்குங்கள் அம்மா" என்று அவர் சொன்ன பிறகும் தயங்கித்தான் நின்றார். சிகிச்சைக்கு வரும் வங்காளத்துக்காரர் காந்தி சாலையில் தம் எழுத்திலேயே பலகை படித்து விடுதியைக் கண்டுகொள்கிற ஊர் இது. அணைக்கட்டுக்காரருக்குத் தமிழ்ப் பலகை சரியாக இருக்க வேண்டாமா?

எக்ஸ்ரேக்கு அரசு வழக்கில் நுண்கதிர் என்ற சொல்லும் உண்டு. எனக்கு ஊடுகதிரே பிடிக்கும்; சதையை ஊடுருவி எலும்பைக் காட்டும் வேலையை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ் கதிரே கிடையாது. வலுவான காந்தமும் ரேடியோ அலையும்தான். வயிற்றில் களிம்பு தடவி எடுக்கும் ஸ்கேன், நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட மீயொலியால் நடப்பது. இவை அனைத்தையும் அடக்க 'மருத்துவப் படிமவியல்' என்ற சொல்லும் இருக்கிறது. கட்டுரைக்கு அது சரி. பலகைக்கு 'கதிரியல் துறை' என்று எழுதி, அதன் கீழே 'படம் எடுக்கும் இடம்' என்று சேர்க்கலாம். குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் மக்கள் சொல்வது 'படம் எடுப்பது' என்றுதான்.

கதிரியக்கம் என்ற சொல் மருத்துவமனையில் பொருந்தும் இடமும் உண்டு. அணுக்கரு மருத்துவப் பிரிவில் டெக்னீசியம்-99எம் போன்ற, தானே கதிர் வீசும் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் அந்தக் கதிரியக்கம், படிப்படியாக அடங்கும்வரை நோயாளியின் உடம்புக்குள் இருக்கும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும், கைக்குழந்தையிடமிருந்தும் கர்ப்பிணியிடமிருந்தும் சிறிது நேரம் விலகி இருக்கச் சொல்வதும் அதனால்தான். அந்த வாசலில் 'கதிரியக்கம்' என்று தடித்த எழுத்தில் எழுதுங்கள். எக்ஸ்ரே அறை வாசலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.